ஊன்றுகோலும் கண்ணும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்குவது வடதிருமுல்லைவாயில். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சபதம் பிழைத்துக் கண்ணொளி இழந்த நம்பியாரூரர், தம் துயர் களையுமாறு முறையிட்டுப் பாடிய தலம் அது. ஒளி உடனே மீளவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணுமாகப் படிப்படியே அருள் கிடைத்தது.

மது முதலிய போதைப்பொருளை விடுவேனென ஆணையிட்டு மீண்டும் வீழ்ந்தானைச் சொல் தவறியவனென்று தள்ளுதல் தகுமோ? உடலினின்று நஞ்சு நீங்கச் சின்னாட்கள் அமையும். உள்ளத்தின் சோர்வும் அச்சமும் வேட்கையும் தணிய நெடுநாள் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோயின்பாற் படுத்துக் கூறிற்று. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், நோயாளியோடு அவன் குடும்பத்தார்க்கும் துணைபுரிந்து வருகின்றது.

வினை செய்தான் பயன் நுகர்தல் நியதியன்றோ எனின், ஆம், நம்பியாரூரரும் நுகர்ந்தார். ஆயினும் இறைவன் கோலை மறுத்திலன். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தம். ஆதலின், தீச்சார்பு நீங்கினானுக்கு நற்சார்பு இன்றியமையாதது. கண் தருதல் இறைவன் செயல். அதுகாறும் கோலாய் நிற்றல் அடியார் கடன்.

திருச்சிற்றம்பலம்.