ஊக்குவிப்பவரின் நிய்யத்

மனிதன் எதற்காக உழைக்கிறான்? வயிற்றுக்காக என்பது எல்லோரும் சொல்லும் பதில். அப்படியானால் வயிறு நிறைந்தவரும் ஏன் உழைக்கிறார்? ஒரே கூலி வாங்கும் இருவரில் ஒருவர் மனம் ஒன்றி வேலை பார்க்க, மற்றவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பது ஏன்? இதற்கு விடை தேடி மேனாட்டு அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட முடிவுகள் தொழிற்சாலை நிர்வாகிகளுக்கும் அலுவலக மேலாளர்களுக்கும் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அம்முடிவுகளில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவற்றில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலேயே நிற்கிறது.

முதலில் டெய்லரைப் பார்ப்போம். அமெரிக்கப் பொறியாளரான இவர் 1911இல் வெளியிட்ட நூலில், பெத்லஹேம் எஃகு ஆலையில் நடந்ததாக ஒரு செய்தியைச் சொல்கிறார். நாளொன்றுக்கு 12½ டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றிய கூலியாள் ஒருவர், கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாக உயர்ந்ததும் 47½ டன் ஏற்றினாராம். வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலியோ இரண்டு மடங்குகூட இல்லை! இதில் மிகை உண்டென்று 1974இல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது போகட்டும். அவ்வேலைக்கு ஏற்ற ஆள் எருதைப் போல மந்தமானவனாக இருக்க வேண்டுமென்று அதே நூலில் எழுதுகிறாரே, அதை என்னென்று சொல்வது?

இந்தப் போக்குக்கு மறுப்பாக வந்தவைதாம் ஹாதார்ன் சோதனைகள். சிகாகோவுக்கு அருகே, தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் இவை 1924 முதல் 1932 வரை நடந்தன. 1927இல் சில பெண் தொழிலாளர்களைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரம் கொடுத்தும், வேலை நேரத்தைக் குறைத்தும், அவர்களிடம் கருத்துக் கேட்டும் பார்த்தார்கள். உற்பத்தி கூடியது. கொடுத்த ஓய்வைத் திரும்ப எடுத்துக்கொண்டபோதும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை. ‘மனிதன் பணத்துக்கு மட்டும் கட்டுப்பட்டவன் அல்லன், அன்புக்கும் கவனிப்புக்கும் கட்டுப்பட்டவன்’ என்ற கொள்கை இதிலிருந்து உலகெங்கும் பரவியது. எல்டன் மேயோவின் பெயர் இதனால் புகழ்பெற்றது.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறையில் வேறு சிலவும் நடந்தன. அப்பெண்களின் கூலிக் கணக்கு முறையும் மாற்றப்பட்டிருந்தது. கருவிகளைப் பூட்டிய ஐந்து பெண்களில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் வெளியே அனுப்பப்பட்டு, அவர்களுடைய இடத்தில் வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். அன்பான கவனிப்பு எவ்வளவு தூரம் நீண்டது என்பதை அந்த இருவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

அதே தொழிற்சாலையில் 1928 முதல் 20,000க்கு மேற்பட்ட தொழிலாளர்களை அழைத்து அவர்களுடைய மனக்குறைகளைக் கேட்டார்கள். பிறகு 1936இல் இதற்கென்றே ஆலோசகர்களை நியமித்தார்கள். ஆலோசகரின் வேலை பொறுமையாகக் கேட்பது. குறையைத் தீர்த்துவைப்பது அவர் வேலையன்று. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் தொழிலாளி இலேசாகி வேலைக்குத் திரும்புவார் என்பது எண்ணம். 1956 வரை இது நடந்தது. மனச்சுமை குறைவதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கூலியில் குறை என்று வந்தவர் கூலி மாறாமலே மனம் மட்டும் ஆறிப் போனால், அதனால் இலாபம் யாருக்கு?

இனி மற்றவர்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னிறைவு எனப் படிப்படியாக வகுத்தார். (நிர்வாகப் பாடநூல்களில் காணப்படும் முக்கோணம் அவர் கட்டுரையில் இல்லை, பின்னால் வந்தவர்கள் வரைந்தது.) ஹெர்ஸ்பெர்க் 1959இல், பொறியாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரை விசாரித்து, சம்பளமும் வசதியும் அதிருப்தியைத் தடுக்குமே தவிர உற்சாகம் தராது என்றார். சாதித்த நிறைவும், பிறர் அதை மதிப்பதும், பொறுப்பும்தான் உற்சாகம் தரும் என்பது அவர் முடிவு. இதன் முதற்பாதியை மட்டும் வசதியாகப் பிடித்துக்கொண்ட முதலாளிமார் உண்டு. சம்பளத்தால் ஊக்கம் வராதாம். ஆகவே ஒரு பட்டத்தையும் ஒரு பொன்னாடையையும் கொடுத்தால் போதுமாம்!

1973இல் அமெரிக்காவில் குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனை நம் சிந்தனைக்குரியது. படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்டிருந்த சிறுவர்களில் சிலருக்கு, வரைந்தால் பரிசுச் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. வெளியிலிருந்து வந்த ஆசை உள்ளே இருந்த ஆர்வத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மதரஸாப் பிள்ளைகளுக்குப் பரிசு அறிவிக்கும் பெரியவர்களும் இதைச் சற்று யோசிக்கலாம்.

கேட்கப்படாத கேள்விக்கு வருவோம். இவர்கள் அனைவரும் உழைப்பவரின் நோக்கத்தையே துருவித் துருவி ஆராய்ந்தார்கள். ஊக்குவிப்பவரின் நோக்கம் என்னவென்று ஆராயவில்லை. செயலின் மதிப்பை நிய்யத்தோடு சேர்த்தே பார்க்கும் மார்க்கம் நம்முடையது. அந்த அளவுகோல் தொழிலாளிக்கு மட்டுமா? முதலாளிக்கு இல்லையா?

‘வியாபாரி இலாபத்தை நாடுவது குற்றமா?’ என்று கேட்பார்கள். குற்றமில்லை. துணி விற்பவர் இலாபத்துக்காக விற்கிறார் என்பது வாங்குபவருக்கும் தெரியும். அங்கே மறைவு ஏதுமில்லை. பாராட்டு அப்படிப்பட்டதன்று. அது ஒருவகைச் சாட்சியம். ‘உம் வேலை நன்று’ என்று முதலாளி சொல்லும்போது, அவர் கண்டதைச் சொல்கிறார் என்று நம்பித்தான் தொழிலாளி மகிழ்கிறார். நாளை இன்னும் பத்து உருப்படி கூடுதலாக வேண்டும் என்பதற்காகவே அது சொல்லப்பட்டதென்று தெரிந்தால் அந்த மகிழ்ச்சி நிற்குமா? வேலை செய்கிறவருக்குத் தெரிந்தால் பயன்படாமல் போகும் உபாயத்தை அவர்மீது பிரயோகிப்பது வஞ்சனையோடு சேர்ந்ததுதான். குறையைக் கேட்பதும் இப்படியே. கேட்பவர் ஏதேனும் செய்வார் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது.

கூலியின் நிலை வேறு. அது ஊக்க மருந்தன்று, உழைத்தவரின் ஹக்கு. அதைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டுமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை நாம் அறிவோம். கூலியை உயர்த்தினால் உற்பத்தி உயருமா என்பது கணக்குப்பிள்ளையின் கேள்வி. சேர வேண்டியது சேர்ந்ததா என்பது அதற்கு முந்திய கேள்வி. உழைப்பவருக்கும் பொறுப்புண்டு. ஒப்புக்கொண்ட நேரம் அமானிதம்; பாராட்டுக் கிடைத்தால்தான் ஒழுங்காகச் செய்வேன் என்று அவர் சொல்ல முடியாது.

‘அன்பும் இருக்கிறது, இலாப நோக்கமும் இருக்கிறது, இரண்டையும் எப்படிப் பிரிப்பது?’ என்று உண்மையாகவே குழம்பும் முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் தம் கடையில் இருபது ஆண்டு தைத்து, இப்போது கண் மங்கி, இந்த மாதத்தோடு நின்றுகொள்ளப் போகும் தையற்காரரை நினைத்துப் பார்க்கட்டும். இனி அவரால் ஒரு சட்டைகூடக் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. அவர் வேலையைப் பற்றிச் சென்ற ஆண்டு சொன்ன அதே நல்ல வார்த்தையை இன்று அவரை உட்காரவைத்துச் சொல்வார்களா? பாக்கிக் கணக்கை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைப்பார்களா?