வெறும் பாத்திரங்கள்



அரசர்களின் இரண்டாம் நூல், நான்காம் அதிகாரத்திலே ஒரு கைம்பெண் வருகிறாள். அவளுடைய பெயர் சொல்லப்படவில்லை. கணவன் தெய்வபயம் உள்ளவன்; ஆனால் கடனை வைத்துவிட்டு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். எலிசேயு இறைவாக்கினரிடம் அவள் முறையிடுகிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்க, ஒரு கலயத்திலே கொஞ்சம் எண்ணெய்தான் உண்டு என்கிறாள்.

அயலவர் எல்லோரிடமும் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கிவா, குறைவாக வாங்காதே என்று அவர் அவளை அனுப்புகிறார். கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயை ஊற்றச் சொல்கிறார். பாத்திரங்கள் இருந்தவரை எண்ணெய் சுரந்தது. இனிப் பாத்திரம் இல்லை என்றதும் நின்றது. அதை விற்றுக் கடனை அடைத்தாள். மீதியைக் கொண்டு பிள்ளைகளோடு பிழைத்தாள்.

புதுமை செய்தவர் ஆண்டவர். ஆனாலும் எண்ணெய் எவ்வளவு சுரந்தது? அயல் வீட்டு அடுக்களைகளிலிருந்து எத்தனை பாத்திரங்கள் வந்தனவோ, அவ்வளவு சுரந்தது. அந்தத் தெருவில் யாராவது தம் பாத்திரத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தால், அவ்வளவு எண்ணெய் குறைந்திருக்கும்.

அன்பர்களே, இந்தக் கைம்பெண் நமக்கு அந்நியரல்லள். நம் மட்டக்களப்பிலே மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பது பழைய வழக்கம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டிலே வந்து குடியேறுவார். பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை நிச்சயம் என்பது இதன் நன்மை. ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிக்கும் பாரம் பல குடும்பங்களில் தாயின் தலையிலே விழுகிறது. சிலர் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போகிறார்கள். சிலர் நுண்கடன் எடுக்கிறார்கள். கிழமைதோறும் தவணை கேட்டு ஆள் வாசலில் வந்து நிற்கிறான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று. துன்பம் அவ்வளவு பெரிதாக இருந்தது. இத்தகைய வீட்டிலே முதலில் நிற்பது பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்புத்தான்.

நம் பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நின்ற வரலாறும் நமக்கு உண்டு. கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991இல் கொழும்பிலே தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கே வந்து பணிசெய்தது. போரிலே கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள் பலர் இருந்த காலம் அது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நாவலடியையும் டச்பாரையும் அழித்த பின், புதிய வீடுகளின் உரித்து குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயருக்கே எழுதப்படலாயிற்று. தாய் மகளுக்குக் கொடுத்த வீடு இருந்த இடத்திலே கட்டப்படும் வீடு, ஏன் அவள் பெயரில் இல்லை என்று மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடிக் கேட்டன. தமக்கு வீடு இருந்தும் அடுத்தவளின் வீட்டுக்காகப் பேசினார்களே, அதுவும் ஒரு பாத்திரந்தான்.

அந்நாட்களில் வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் பல; திரும்பிப் போனவையும் பல. போகாதவர் அயல் வீட்டுக்காரியே.

ஆகவே புளியந்தீவிலும் வாவிக்கு அப்பாலும் வாழும் தாய்மாரே, உங்களிடம் பெரிய தொகை கேட்கவில்லை. உலையிலே அரிசி போடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்துவைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இந்தியாவின் மிசோரம் மலைநாட்டிலே கிறிஸ்தவப் பெண்கள் நூறு வருடங்களுக்கு மேலாக இப்படியே பிடி அரிசி சேர்த்துத் தங்கள் சபையின் பணிகளைத் தாங்கி வருகிறார்கள். நம் அன்பியங்களிலும் அது நடக்கலாம். பத்து வீட்டுப் பிடி அரிசி, ஒரு பிள்ளையின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் உதவும். நீங்கள் சீட்டுப் பிடிக்கிறீர்கள். கடன்காரன் வாசலில் நிற்கும் சகோதரிக்கு முதல் சீட்டை விட்டுக்கொடுங்கள். கடன் பத்திரத்திலே கையொப்பம் வைக்குமுன் அதை வாசித்து விளக்க, படித்த மகள் ஒருத்தியை அவளோடு அனுப்புங்கள். தந்தைமாரே, இவற்றுக்குக் குறுக்கே நில்லாதீர்கள். நீங்களும் உங்கள் பங்கைக் கொடுங்கள்.

இன்னுமொன்று. எலிசேயு கதவைச் சாத்தச் சொன்னார் அல்லவா? அந்தக் கைம்பெண்ணின் வறுமை தெருவுக்குக் காட்சியாகவில்லை. நாமோ ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பெறுகிறவளை மேடையில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். அந்தப் படத்தை அவளுடைய மகள் பாடசாலையிலே பார்க்க நேரிடும் என்று நினைக்கிறோமா? கதவு சாத்தியிருக்கட்டும். மறைவிலே காண்கிற பிதா காண்பார்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது, உங்கள் ஒழுங்கையிலே எந்த வீட்டுப் பெண்பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறாள் என்று பாருங்கள். அவளுடைய தாய் உங்களிடம் கேட்டு வரமாட்டாள்; வெட்கப்படுவாள். நீங்களே உங்கள் பாத்திரத்தோடு போங்கள். கானாவூர் வீட்டிலே குறையை முதலில் கண்டு தம் மகனிடம் சொன்ன நம் அன்னை மரியாள், அந்த வாசல்வரை உங்களோடு வருவாராக. ஆமென்.