மறைப்பது மருந்தாகுமா?

"சொன்னால் அஞ்சுவார், அஞ்சினால் மாத்திரையை மறுப்பார், மறுத்தால் நோய் முற்றும். ஆகவே சொல்லாதிருப்பதே நலம்!" மனநோயுற்றவரின் வீட்டார் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானம் இது. சோற்றில் பிசைந்தும் காப்பியில் கரைத்தும் மருந்தூட்டும் கைகள், அன்பு கொண்ட கைகளே. வன்நெஞ்சர் செய்வதாயின் வாதாடுவது எளிது. அன்புடையோர் செய்வதை எதிர்த்தல்லவா நாம் பேசவேண்டியிருக்கிறது!

வேப்பிலை வீச்சையும் சாட்டையடியையும் சாடியவர்கள் நாம். ஏர்வாடியிலே, 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டனரே, பெரும்பாலோர் காலில் சங்கிலியோடு! அதைக் கண்டு துடித்து, "தர்காவும் கோயிலும் வேண்டாம், மருத்துவமனைக்கு வாருங்கள்" என்றழைத்தோம். அழைத்தவர்க்குக் கடமை ஒன்று உண்டு: அங்கே தரப்படுவதையும் ஆராய்ந்து பார்ப்பது. மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் முறையைக் கண்ட போர்த்துகல் மருத்துவர் மோனிசுக்கு 1949இல் நோபல் பரிசே கிடைத்தது. அறுக்கப்பட்டோர் பலர் உணர்வு மழுங்கி, ஊக்கம் ஒடுங்கி, நடமாடும் நிழல்களாயினர். பரிசு பெற்றதாலேயே ஒன்று பழுதற்றதாகிவிடாது.

அதே 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லிதியம் என்னும் எளிய உப்பு வெறிநோயைத் தணிப்பதை வெளியிட்டார். நோயாளிகளுக்குத் தருமுன் தாமே உண்டு பார்த்தவர் அவர்! ஐந்தாண்டுகள் ஓயாத வெறியில் உழன்ற ஒருவர், அவர் தந்த லிதியத்தால் தெளிந்து வீடு திரும்பினார். பழைய வேலையிலும் அமர்ந்தார். அந்த மனிதரே 1950இல் லிதிய நஞ்சேறி இறந்தார். காத்ததும் அதுவே, கொன்றதும் அதுவே! மாயமன்று, அளவின் செயல். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு தலைகாட்டும். இரத்தத்தைச் சோதித்து அளவறியும் வழக்கம் வந்த பின்னரே லிதியம் நம்பத்தக்க மருந்தாயிற்று. இன்று அது தற்கொலையைத் தடுப்பதிலும் பெயர் பெற்றது.

இப்போது அந்த அன்புக் கரங்களிடம் திரும்புவோம். காப்பியில் கரைத்து லிதியம் ஊட்டப்படுபவர், கோடையில் வியர்த்து நீர் வற்றினால்? விரதமென்று நீரும் சோறும் துறந்தால்? இரத்தக் கொதிப்புக்கென்று உப்பை அறவே ஒதுக்கினால்? மூட்டுவலிக்குக் கடையில் இபுபுரூபன் வாங்கி விழுங்கினால்? ஒவ்வொன்றும் இரத்தத்தில் லிதியத்தை ஏற்றக்கூடியது. கை பெரிதாக நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். "பழைய பைத்தியம் திரும்பிவிட்டது" என்று எண்ணி, அன்னை இன்னொரு மாத்திரையைக் கரைப்பாள்! அறியாதவர் தம்மைக் காத்துக்கொள்வதெப்படி?

"அப்படியானால் எல்லாம் நஞ்சு, எறிந்துவிடு" என்று முழங்கும் நண்பர்களும் நம்மிடையே உளர். அதுவும் மூடத்தனமே, பேயோட்டிக்கு ஆள் சேர்க்கும் மூடத்தனம். லிதியத்தைத் திடீரென நிறுத்தினால் வெறி மூண்டெழும். தற்கொலை எண்ணம் தலைதூக்கும். நிறுத்துவதாயினும் மருத்துவரோடு கலந்து, படிப்படியாக.

"சித்தம் கலங்கியவரிடம் விளக்கிப் பயனென்ன?" என்பர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியிலே சொல்லவேண்டும். அப்போது ஏற்கும் நிலையில் இல்லையெனில், தெளிந்ததும் சொல்லவேண்டும். கலக்கம் இடையில் வருவது; குடியுரிமையை அது பறிப்பதில்லை.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. மருந்துப் பெட்டியிலுள்ள தாளோ, எறும்பு ஊர்ந்தாற்போன்ற ஆங்கில எழுத்தில்! படிப்பறிந்த இளைஞர்கள் உறவினரோடு மருத்துவமனைக்குத் துணை செல்கையில், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், நோயாளியின் எதிரிலேயே கேளுங்கள்: இரத்தச் சோதனை எப்போது? சிறுநீரகமும் தைராய்டும் பார்க்கப்படுமா? வாந்தியும் நடுக்கமும் வந்தால் அன்றிரவே யாரிடம் ஓடுவது? விடையைத் தமிழில் எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள்.