கார்த்திகை மாதத்துக் கையெழுத்து

எங்கள் மகாராஜபுரத்தில் ஓர் ஆள் காணாமல் போனால் தேடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "மலைக்குப் போயிருப்பாரு." மேற்கே பார்த்தால் சதுரகிரி. சித்தர்கள் இன்னும் உலவுவதாக ஊரே நம்பும் மலை. என் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். ஓர் ஆடி அமாவாசை அன்று கூட்டத்தோடு கூட்டமாகத் தாணிப்பாறை வழியே ஏறியவர், சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே காட்டுக்குள் நடந்து சாமியாராகிவிட்டார். அப்பத்தா சொன்ன கதை இது. ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒருமுறைகூடச் சந்தேகம் வந்ததில்லை.

சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தது 'பொன்னியின் செல்வன்'.

கல்கி 1950இல் தொடங்கி 1954 வரை தொடராக எழுதிய சோழர் காலக் கதை. ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படித்தபோது, யார் எதைச் சொன்னாலும் நம்பினேன். முப்பது வயதுக்கு மேல் மறுபடி எடுத்தபோதுதான் உறைத்தது: இதில் நடந்ததைவிட நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் அதிகம். பழுவூர் இளையராணி நந்தினி யார் என்பதற்கு அவளுடைய வளர்ப்பு அண்ணன் ஆழ்வார்க்கடியான் ஒரு கதை வைத்திருக்கிறான், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் ஒன்று வைத்திருக்கிறான். நந்தினியோ ஆளுக்குத் தகுந்தாற்போல் ஒன்று சொல்கிறாள். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் இறந்து கிடக்கிறான். பழி அவனுடைய தூதன் வந்தியத்தேவன் தலையில். கடைசியில் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர், "நான்தான் கொன்றேன்" என்கிறார். அது உண்மையா, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றச் சொன்னதா என்று இன்றும் வாசகர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

கல்கி கற்பனை செய்தார் என்று தள்ளிவிடவும் முடியாது. அவருக்குக் கிடைத்த சரித்திரமே அப்படித்தான் இருந்தது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் சொர்க்கத்தைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று நாசூக்காக முடித்துக்கொள்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் இருக்கும் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டோ நேராகப் பேசுகிறது: கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. செப்பேடு வம்சப் புகழ் பாட எழுந்தது. கல்வெட்டு அந்தத் துரோகிகளின் நிலத்தை விற்ற கணக்கு. புகழ் பாடும் இடத்தில் கொலை உறுத்தும். நிலக் கணக்கில் மறைத்தால் கணக்கே நிற்காது.

நிலக் கணக்கு மாதிரி ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. பத்தாயத்து மேல் கிடந்த டிரங்குப் பெட்டியில் பட்டாவைத் தேடப்போன இடத்தில் கையில் சிக்கியது ஒரு புரோநோட்டு. ஸ்டாம்பின் குறுக்கே தாத்தாவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிட்டு. பிலவ வருஷம், கார்த்திகை மாதம். தாத்தா மலையேறியதாகச் சொன்ன ஆடி அமாவாசையும் அதே பிலவ வருஷத்தில்தான் வருகிறது. ஆடியில் துறவியானவர் கார்த்திகையில் எப்படிக் கடன் வாங்குவார்?

அப்பத்தாவிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஸ்டாம்பின் மேல் பெருவிரலை வைத்துத் தடவினாள்.

"கார்த்திகையிலதான் போனாரு. அடைமழ. விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம்."

"பெறகு ஏன் அப்பத்தா ஆடி அமாவாசைன்னு சொன்ன?"

"கார்த்திகையில அந்த மழையில எவன் மலையேறுவான்? ஆடியிலன்னா ஊரே ஏறும், கூட்டத்துல யாரு யாரப் பாத்தா? கடன் குடுத்தவன் வாசல்ல வந்து நின்னான். சாமியாராப் போனவன் பொண்டாட்டிகிட்ட எவன்டா சத்தம் போடுவான்?"

அன்றைக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, மரியாதைதான் கூடியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு தேதியை நகர்த்தி மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த நெருக்கடியில் சொன்னார் என்று கேட்டால் பொய்க்குள்ளும் ஒரு நிஜம் கிடைக்கிறது. இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை.

ஆனால் அப்பா இருக்கிறார். தாத்தா போனபோது அவருக்கு எட்டு வயது. விவரம் தெரிந்த நாள் முதல் ஆடி அமாவாசை தவறாமல் மலையேறினார். வழியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு காவி வேட்டிக்காரர் முன்னும் குனிந்து, காசு போடுகிற சாக்கில் முகத்தைப் பார்ப்பார். சின்ன வயதில் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

கல்கியின் கதையில் வரும் ராஜா, சுந்தர சோழரின் நிலையும் இதுதான். அவர் இளமையில் காதலித்த, வாய் பேசாத மந்தாகினி, கோடிக்கரைக் கலங்கரை விளக்கிலிருந்து கடலில் குதித்து இறந்துவிட்டாள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அதனால், உயிரோடு இருக்கிறவளை ஆவி என்று எண்ணி ராத்திரியெல்லாம் நடுங்குகிறார். என் அப்பா இல்லாதவரைத் தேடினார், அந்த ராஜா இருப்பவளைக் கண்டு பயந்தார். இரண்டுக்கும் வேர், யாரும் திருப்பிக் கேட்காத ஒரு பழைய சேதி. அத்தனை பேர் வாய் ஓயாமல் பேசும் அந்தக் கதையில், தன் வாழ்க்கையை உள்ளபடி சொன்னவள் பேச முடியாத மந்தாகினிதான். ஈழத்தில் சுவரில் சித்திரமாக எழுதிவைத்தாள். சுந்தர சோழரின் இளைய மகன் அருள்மொழிவர்மன் நின்று, பார்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டுப் புரிந்துகொண்டான்.

நான் புரோநோட்டை அப்பாவிடம் காட்ட நான்கு வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பத்தா போய்விட்டாள். அப்பா கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். "மழையில எந்தப் பக்கம் போனாராம்?" என்றார். அதை நான் அப்பத்தாவிடம் கேட்டிருக்கவில்லை. புரோநோட்டில் அது இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லக்கூடிய ஒருவர் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கேளுங்கள். எந்த மாதம், மழையா வெயிலா, கூட யார் இருந்தது, எந்தப் பக்கம் போனார் என்று கேளுங்கள். பதில் முன்பு சொன்னதோடு ஒட்டாவிட்டால் மடக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கல்வெட்டு ஆயிரம் வருஷம் காத்திருக்கும். அப்பத்தாக்கள் காத்திருக்க மாட்டார்கள்.