கொடுக்கும் கையும் கேட்கும் செவியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த வயதான தாயார் ஒருவர் வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். அவருடைய மகள் ஆஸ்திரேலியா தேசத்தில் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே பிறந்த பேரனுக்கு வயது பத்து. பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இரவில் உறக்கமும் இல்லை. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"அரசாங்கத்திலிருந்து உதவி செய்ய ஒரு பெண் வந்தாளாம், சுவாமி. நல்ல பெண்ணாம். ‘உங்களால் சமாளிக்க முடிகிறதா?’ என்று கேட்டாளாம். என் மகள், ‘எங்கள் பிள்ளை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்றாளாம். பிறகு வந்த கடிதத்தில், அடுத்த தெருவுப் பிள்ளைக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லையாம். நாங்கள் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம்?"

அன்று என்னால் அவருக்குச் சரியான விடை சொல்ல இயலவில்லை. வீட்டுக்கு வீடு வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கும் நம் பங்கில் இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. ஆகையால் இந்த வாரம் எல்லோருமாக இதைச் சிந்திப்போம்.

முதலில் அந்தத் தேசத்துச் சட்டத்தைப் பார்ப்போம். ஊனமுற்றோரை, இன்று நாம் மரியாதையுடன் மாற்றுத் திறனாளிகள் என்று அழைக்கும் அவர்களை, ஆதரிப்பதற்காக ஆஸ்திரேலியா 2013-இல் ஒரு காப்பீட்டுத் திட்டத்தைச் சட்டமாக்கிற்று. இன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் பயன் பெறுகின்றனர். ஏழையா பணக்காரரா என்று பாராமல், தேவை என்ன என்று பார்த்துக் கொடுக்கும் நல்ல திட்டம் அது. ‘உன் வாழ்வில் நீ அடைய விரும்புவது என்ன?’ என்று முதலில் கேட்கிறார்கள். பிறகு, குடும்பத்தார் செய்வார்கள் என்று நியாயமாய் எதிர்பார்க்கக்கூடியது எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ‘எங்கள் பிள்ளையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்பது நம் பாஷையில் மானமுள்ள தாய் பேசும் பேச்சு. வீட்டுக்கு வந்த அந்நியரிடம் குறைகளைக் கொட்டுவது நமக்குக் கூச்சம். அந்த அலுவலகத்திலோ அதே வாக்கியம், ‘இவ்வளவு வேலையைக் குடும்பமே செய்துவிடும்’ என்று கணக்கில் ஏறிவிடுகிறது. தாய் பொய் சொல்லவில்லை. வந்த பெண்ணும் வஞ்சகம் செய்யவில்லை. ஆயினும் பிள்ளைக்குரியது குறைந்துபோயிற்று.

சட்டமும் நல்லது, மனமும் நல்லது என்றிருக்கையில் அநீதி நேர முடியுமா? நேர்ந்தால் யார் பொறுப்பு? இக்கேள்விக்கு விடை காண, இதைவிடக் கொடிய விளைவைத் தந்த, உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஆன் ஃபாடிமன் இதைப் பல ஆண்டுகள் விசாரித்து 1997-இல் நூலாக வெளியிட்டார்.

லாவோஸ் தேசத்து மலைகளில் ஹ்மோங் என்னும் மக்கள் வாழ்கின்றனர். வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட அவர்களில் பலர், 1975-க்குப் பின் உயிர் தப்பி மேகாங் நதியைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கிருந்து அமெரிக்கா சென்ற குடும்பங்களில் லீ குடும்பமும் ஒன்று. கலிபோர்னியா மாகாணத்தில், மெர்செட் என்னும் ஊரில், 1982-இல் அவர்களுக்கு லியா என்ற பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது அதன் அக்காள் கதவை ஓங்கிச் சாத்தினாள். உடனே குழந்தைக்கு வலிப்பு வந்தது. சத்தத்தில் அஞ்சிய ஆன்மா உடலை விட்டு ஓடிவிட்டது என்று பெற்றோர் நம்பினர். வலிப்பு நோய்க்கு அவர்கள் பாஷையில் உள்ள பெயரே, ஆவி பிடித்து விழுவது என்று பொருள்படுவது. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டாம். நம் தெருவில் ஒருவர் காக்காய் வலிப்பு வந்து விழுந்தால், சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

பெற்றோர் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினர். போய்ச் சேருமுன் வலிப்பு நின்றுவிட்டது. நடந்ததை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் பேச்சை எடுத்துச் சொல்ல அங்கே ஆளுமில்லை. மார்ச்சளி என்று எண்ணி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, 1983 மார்ச்சு மாதம், குழந்தை டாக்டரின் கண்ணெதிரே வலிப்பில் துடித்தபோதுதான் நோய் இன்னதென்று தெரிந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாமையால் போன மாதங்கள் அவை.

பிறகு லியாவைக் கவனித்த டாக்டர்கள் இருவரும், கணவனும் மனைவியுமான அவர்கள், திறமையும் கடமையுணர்வும் உடையவர்கள். நள்ளிரவிலும் ஓடி வந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் அவளுக்குரிய மருந்துகளை 23 முறை மாற்றி எழுதினார்கள். இதில் இத்தனை மாத்திரை, அதில் பாதி, இது காலையில், அது இரவில் என்ற கணக்கை எழுதப் படிக்கத் தெரியாத தாய் எப்படிக் காப்பாற்றுவாள்? சில மருந்துகள் பிள்ளையின் குணத்தையே கெடுப்பதாகப் பெற்றோருக்குத் தோன்றியது; அவற்றைக் குறைத்துக் கொடுத்தார்கள். இரத்தத்தைச் சோதித்த டாக்டர்கள், பெற்றோர் சொல்வதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தார்கள். 1985-இல் சட்டத்தின் மூலம் பிள்ளை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு வேறொரு குடும்பத்தில் வளர்க்கப்பட்டாள். அங்கே வேளை தவறாமல் மருந்து கொடுத்தும் வலிப்பு குறையவில்லை. பிற்பாடு, பல மருந்துகளை ஒரே மருந்தாகச் சுருக்கி எழுதிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியபோது, பெற்றோர் அதை ஒழுங்காகவே கொடுத்தார்கள்.

1986 நவம்பரில் வந்த பெரு வலிப்பும், அதனுடன் இரத்தத்தில் பரவிய கிருமியும் லியாவின் மூளையை அழித்துவிட்டன. பெற்றோரின் கவனக்குறைவு அதற்குக் காரணமன்று என்பது பின்னர் புலப்பட்டது. இனிச் சில நாளில் இறந்துவிடுவாள் என்று டாக்டர்கள் எண்ணினார்கள். பெற்றோர் அவளை வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். பேச்சும் நடையும் அறிவும் இல்லாத அந்த மகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, முதுகில் சுமந்து, ஒரு படுக்கைப் புண்ணும் வராமல் காத்தார்கள். 2012 ஆகஸ்டில், தன் முப்பதாம் வயதில், அவள் இறந்தாள். சொல்வதைக் கேட்காத பெற்றோர் என்று எழுதப்பட்டவர்கள் அவளை அந்நிலையில் பேணியது சுமார் 26 ஆண்டுகள்!

பங்கு மக்களே, இக்கதையில் கெட்டவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். அதனால்தான் இது நம் மனச்சாட்சியை உறுத்துகிறது. நல்லெண்ணம் இருந்தால் போதும், குற்றம் நம்மைச் சேராது என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். இந்தப் பிள்ளையின் வாழ்வு அதை ஒத்துக்கொள்ளவில்லை. பிறர்சிநேகம் என்பது பிறருக்குக் கொடுப்பதோடு முடிவதன்று. யாருக்குக் கொடுக்கிறோமோ அவரை அறிந்துகொள்வதும் அதில் அடக்கம். அறிய வேண்டுமானால் கேட்க வேண்டும். கேட்பது வெறும் மரியாதை என்று நினைக்கிறோம். உதவி செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு அது கடமை.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழும். ஒன்று, ‘வந்து குடியேறியவர்கள்தாமே அத்தேசத்தின் பாஷையையும் பழக்கத்தையும் கற்க வேண்டும்?’ உண்மையே, கற்கத்தான் வேண்டும். ஆனால் கற்பதற்கு ஆண்டுகள் ஆகும். வலிப்பில் துடிக்கும் குழந்தை அதுவரை காத்திருக்குமா? மேலும், ஊனமுற்றவர் தம் உடம்புக்கு ஒருவரையும், பாஷைக்கு மற்றொருவரையும் சார்ந்து இருமடங்கு பிறர் கையில் இருக்கிறார். தூரத்தைக் கடக்கும் பொறுப்பு, கடக்க வலிமையுள்ளவரிடமே முதலில் சேரும்.

இரண்டு, ‘எல்லோரையும் ஒரேமாதிரி நடத்துவதுதானே நீதி?’ ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரே படிவத்தை எல்லோர் கையிலும் கொடுத்தால் அது சமத்துவம் போலத் தோன்றும். படிக்கத் தெரிந்தவனுக்கு அது உதவி. தெரியாதவளுக்கு அது பூட்டிய கதவு. சமமாய்க் கொடுப்பதைவிட, சமமாய்ப் போய்ச் சேரும்படி கொடுப்பதே நீதி.

மூன்றாவது கடினமானது. ‘அப்படியானால் எல்லா நம்பிக்கைக்கும் தலை வணங்குவதா? மந்திரிக்கப் போனால் பிள்ளையின் உயிர் என்னாவது?’ இதைத் தள்ளிவிட முடியாது. பிள்ளையின் உயிர், பெற்றோரின் நம்பிக்கையைவிடவும் டாக்டரின் கர்வத்தைவிடவும் பெரிது. ஆனால் கேட்பது வேறு, இசைவது வேறு. லியாவின் பெற்றோர் மருந்தை வெறுக்கவில்லை. மருந்தும் வேண்டும், தங்கள் சடங்கும் வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அதை அறிந்திருந்தால் இரண்டுக்கும் இடம் விட்டு, எளிய மருந்தில் முன்னமே தொடங்கியிருக்கலாம். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோதத்துவ டாக்டர் ஆர்தர் கிளைன்மன், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் கேட்பதற்குச் சில கேள்விகளை வகுத்திருக்கிறார். இந்நோய்க்கு நீங்கள் இடும் பெயர் என்ன, எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எதற்கு மிகவும் அஞ்சுகிறீர்கள் என்பவை அவற்றுள் சில. இவற்றைக் கேட்கப் பெரிய செலவில்லை. பொறுமைதான் வேண்டும்.

உலகம் இதைச் சிறிது கற்றும் இருக்கிறது. அதே மெர்செட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஹ்மோங் பூசாரிகள் நோயாளியின் படுக்கையருகே தம் சடங்கைச் செய்ய 2009-இல் விதிமுறை வகுத்து அனுமதித்தார்கள். ஆஸ்திரேலியாவில் தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் அரசாங்கச் சேவை 1973-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. எனினும் ஓர் எச்சரிக்கை. ‘தமிழர் இப்படி, ஹ்மோங் இப்படி’ என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவரும் கேளாதவரே. ஒரே தெருவில் பிறந்த இரண்டு தமிழ்த் தாய்மார் ஒன்றுபோல் நினைப்பதில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். குடும்பத்தார் பேசும்போது ஊனமுற்றவரின் குரல் அமுங்கிப்போவது உண்டு. நம் வீடுகளில் அப்படிப்பட்ட பிள்ளையை விருந்தாளி வந்தால் உள்ளறைக்கு அனுப்புகிறோமே, அதை அப்பிள்ளையிடம் கேட்டுச் செய்கிறோமா? யார் செய்த பாவம் என்று ஊர் பேசுமே என்ற அச்சம்தானே அங்கே பேசுகிறது? நம் ஊர்ப்பக்கத்துச் செங்கற்சூளைக்கு ஒரிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நடக்க இயலாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் அலுவலகத்தில் நின்றால், தமிழ் மட்டுமே அறிந்த நாம் அவருக்கு மெர்செட் ஆஸ்பத்திரியாக இருக்கமாட்டோமா? தூர தேசத்தில் நம் மகளுக்கு எதை வேண்டுகிறோமோ, அதை இங்கே அடுத்தவர் மகளுக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எரிக்கோ நகர வழியில் குருடன் ஒருவன் கூவி அழைத்தபோது, நமதாண்டவர் அவனுக்கு என்ன குறை என்பதைக் காணாதவரல்லர். ஆயினும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டுமென்று விரும்புகிறாய் என்று அவனையே கேட்டார். சொல்ல வேண்டியதை அவன் வாயால் சொல்லவிட்டார்.

ஆகவே, திண்ணையில் வந்து அமர்ந்த தாயாருக்கு என் விடை இது. அம்மா, உங்கள் மகள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்க வந்தவர் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் காரியம் கைதவறிப் போகவில்லை. முடிவை மறுபரிசீலனை செய்யும்படி மூன்று மாதத்துக்குள் கேட்க அங்கே சட்டம் இடமளிக்கிறது. ஆங்கிலத்தில் மனம் திறந்து பேச முடியாவிட்டால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று உங்கள் மகள் கேட்கட்டும். பள்ளிக்கூடம் போகும் மூத்த பெண்ணை அந்தப் பாரத்துக்கு இழுக்க வேண்டாம். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்பதோடு நிறுத்தாமல், இரவில் எத்தனை முறை எழுகிறாள், எந்த வேலையை விட்டாள், தான் காய்ச்சலில் படுத்தால் பிள்ளைக்குச் சோறூட்ட யாருமில்லை என்பதை உள்ளபடியே சொல்லட்டும். பிள்ளைக்காக உண்மையைச் சொல்வது பிச்சை கேட்பதாகாது. அதனால் உங்கள் மானத்துக்கு ஒரு குறையும் வராது.