அச்சுக்கு வரையறை, ஆசைக்கு வரையறை

தேவைக்காகப் பொருள் சேர்ப்பது ஒன்று. அரியது என்பதற்காகவே சேர்ப்பது பிறிதொன்று. இவ்விரண்டும் ஒரே தன்மையனவா என்பதை ஓர் அயல்நாட்டு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் பான்ஸ்கி என்னும் புனைபெயருடைய தெருவோவியர் ஒருவர் உளர். தாம் இன்னார் எனத் தாமே வெளிப்படுத்திக்கொள்ளாதவர். இலண்டன் வாட்டர்லூ பாலத்தருகே 2002ஆம் ஆண்டில், இதய வடிவச் சிவப்புப் பலூன் ஒன்று பறந்து செல்ல, அதனை நோக்கிக் கைநீட்டி நிற்கும் சிறுமியின் உருவைச் சுவரில் தீட்டினார். வழிப்போக்கர் அனைவரும் காசின்றிக் கண்டனர். பின்னர் அச்சுவர் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. இதனிடையே 2004இல் அதே உரு ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் தாளில் அச்சாயிற்று. ஓவியர் கையொப்பமிட்டவை 150, இடாதவை 600. அன்று எளிய விலைக்கு விற்ற அத்தாள்களுள் கையொப்பமுள்ளவை பிற்காலத்து ஏலங்களில் இலட்சக்கணக்கான பவுன் பெற்றன.

எண்ணிக்கை அத்துடன் நின்றது ஏன்? மையும் தாளும் தீர்ந்துவிடவில்லை. இன்னும் பல நூறு படிகளை அத்திரை தந்திருக்கும். போதும் என நிறுத்தியது மனித முடிவே.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்றன்றோ? நிலம், பொன், ஆடை, கலம் ஆகியவை நமக்கு இவ்வளவு போதும் என நாமே வரைந்துகொள்வது அது. அங்கும் வரையறை, இங்கும் வரையறை. ஆனால் அங்கே கொள்வோன் தன் ஆசைக்கு எல்லை வகுக்க, ஆசை ஒடுங்குகிறது. இங்கே விற்போன் பொருளுக்கு எல்லை வகுக்க, கொள்வோனது ஆசை பெருகுகிறது.

சேகரிப்போர் சார்பிலும் சொல்ல ஒன்றுண்டு. சுவர் அழிந்தது, தாள் நிலைத்தது. அதனைப் பேணியவர்கள் அவர்களே. இதை நாம் மறுக்கவில்லை. எனினும் அவர்களை ஒன்று கேட்கலாம். நாளையே இன்னும் பத்தாயிரம் படிகள் அச்சாகிப் பள்ளிதோறும் மாட்டப்பட்டால் மகிழ்வீர்களா, வருந்துவீர்களா? தம் வீட்டுச் சுவரிலுள்ள சிறுமியின் உருவில் ஒரு கோடும் குறையாது. ஆயினும் வருந்துவார்கள் எனின், அவர்கள் போற்றியது படத்தையா, பிறரிடம் அஃது இல்லாமையையா?

2018 அக்டோபரில் இலண்டன் சதபீஸ் ஏலத்தில் இதே உருவின் துணி ஓவியம் ஒன்று சுமார் 10 இலட்சத்து 42 ஆயிரம் பவுனுக்கு விலைபோயிற்று. சுத்தியல் விழுந்த உடனே, சட்டத்தினுள் ஓவியரே மறைத்து வைத்திருந்த பொறி அதனைப் பாதிவரை கீற்றுகளாகக் கிழித்தது. வாங்கியவர் அதை விட்டுவிடவில்லை. 2021இல் அந்தக் கிழிந்த ஓவியம் ஏறத்தாழ 1 கோடியே 86 இலட்சம் பவுனுக்கு மீண்டும் விற்றது! ஆசையின் போக்கை எள்ள நினைத்தவரது எள்ளலுக்கே ஆசை விலை வைத்துவிட்டது.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 2013 அக்டோபரில், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் ஓரம் ஒரு முதியவர் சிறு கடை விரித்திருந்தார். பான்ஸ்கியின் கையொப்பமுள்ள உண்மையான ஓவியங்கள், ஒன்று 60 டாலர். எவருடையவை என அறிவிக்கப்படவில்லை. மக்கள் கடந்து சென்றனர். அன்றைய மொத்த வரவு 420 டாலர். முதலில் வாங்கிய பெண்மணி, தம் பிள்ளைகளுக்கென இரு சிறு படங்களைத் தேர்ந்து, பேரம் பேசிப் பாதி விலைக்குப் பெற்றுச் சென்றார். வரைந்தவர் யாரென்பதும் அவற்றின் சந்தை மதிப்பும் அவருக்குத் தெரியாது. படம் பிடித்திருந்தது, வாங்கினார்.