ஒரு நாய்க்கு 15 நிமிடம்

தெருநாய் பற்றிப் பேச்சு வந்தாலே, 'பிடித்துக் காப்பகத்தில் விட்டுவிடலாமே' என்ற யோசனையும் வந்துவிடுகிறது. நாயைக் கண்டு அஞ்சுபவரும் சொல்கிறார், நேசிப்பவரும் சொல்கிறார். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, வெறிநோய் (ரேபிஸ்) கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட உத்தரவிட்டது. அந்த நாட்களின் விவாதத்தில் இடத்தையும் பணத்தையும் பற்றி நிறையப் பேசினோம். அடைத்த உயிரை யார், எத்தனை நேரம் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. காப்பகத்தின் கொள்ளளவைக் கூண்டுகளை எண்ணிச் சொல்ல முடியாது. வேலை செய்யும் கைகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் காப்பகங்களில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு விலங்குக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம்: சுத்தம் செய்ய 9, தீனி வைக்க 6. மருந்து கொடுப்பது, நடத்திக் கூட்டிப்போவது, தடவிக்கொடுப்பது எதுவும் இதில் சேராது. எட்டு மணி நேரம் ஓயாமல் உழைத்தாலும் ஒருவரால் 32 விலங்குகளைத்தான் பார்க்க முடியும். 300 நாய்கள் இருந்தால் தினமும் பத்துப் பேர் வேண்டும். ஆள் குறைந்தால் முதலில் குறைவது சுத்தம்தான். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மலத்தில் வெளியேறி, தரை விரிசலில் மாதக்கணக்கில் தங்கும். வெறும் தண்ணீருக்குப் போகாது. மலத்தை அள்ளி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அதன் பிறகே பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பலனில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் வடிந்து, தடுப்பூசி இன்னும் பிடிக்காத குட்டிகளுக்கு அவசரக் கழுவலே எமனாகிறது. பூனைக்கோ ஒளிந்துகொள்ள ஓரிடம் வேண்டும். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், புதிதாக வந்த பூனைகளில் ஒளிய ஒரு பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் அமைதியடைந்தன. மிரட்சி நீடித்தால் உடலில் உறங்கும் ஹெர்பிஸ் வைரஸ் கிளம்பி, மூக்கும் கண்ணும் ஒழுகத் தொடங்கும். ஆகவே அந்த அட்டைப்பெட்டி மருந்துக்குச் சமம்.

வாசலுக்கு வந்த உயிரை 'ஆளில்லை' என்று திருப்பியனுப்புவது இரக்கமா என்று கேட்கலாம். கனமான கேள்விதான். அடிபட்டதற்கும், தாயில்லாக் குட்டிக்கும், தெருவே தெரியாமல் கைவிடப்பட்ட வீட்டு நாய்க்கும் கதவு திறந்திருக்க வேண்டும். அதற்காகவே, தெருவில் நலமாக வாழும் நாய் உள்ளே இடத்தை அடைக்கக் கூடாது என்கிறேன். 1959இல் சென்னையில் பிறந்த புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை அறுபதுகளிலேயே முன்வைத்தது. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியானது. கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு இது போதுமா? அவர்களின் அச்சம் முற்றிலும் நியாயமானது. அறிகுறி தெரிந்தபின் ரேபிஸிலிருந்து பிழைப்பது அநேகமாக இல்லை. கடிக்கும் சுபாவமுள்ள நாயைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் ரேபிஸ் பரவலை அறுக்க 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்ட நாயை அடைத்துவிட்டால், அள்ளாத குப்பையைத் தேடி ஊசி போடாத இன்னொன்று அதே தெருவுக்கு வரும்.

நன்கொடையாளர்கள் கட்டடத்துக்கும் ஆம்புலன்சுக்கும் தருவதுபோல் சம்பளத்துக்கும் தர வேண்டும். கூண்டு கழுவுபவருக்கு முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி, வார விடுமுறை, குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் ஆகிய மூன்றும் உறுதியான பிறகே அடுத்த கொட்டிலுக்கு அஸ்திவாரம் தோண்டலாம்.